முற்றுகைப் பதக்கம்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் ஜன்னல் கம்பி வழியாக நீட்டிய உறையை நான் பிரித்திருக்கக் கூடாது. நாணயச் சங்கத்தின் காலாண்டிதழ் அது, என் கணவர் பெயருக்கு வருவது. ஆனால் பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவளுக்கு வருகிற தபாலெல்லாம் தன்னுடையதுதான். மருந்துக்கடைக்காரன் போட்டுவிட்டுப் போகும் துண்டுக் காகிதத்தைக்கூட நான் அச்சக முகவரி வரை படிப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பதக்கம் இருந்தது. அடடே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது முதலில். பிறகு மேலே தலைப்பைப் பார்த்தேன். ‘போலிகளை அறிவது எப்படி?’ பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டு மேடையெல்லாம் ஓடியதை நான் கட்டுரையை இரண்டாவது முறை படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

அந்தப் பதக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் என் பிழைப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கேயோ ஒரு கோட்டை ஊர். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. எதிரிப் படை ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஏழு மாதம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட ஜனங்கள் முதலில் குதிரைகளைத் தின்றார்கள், பிறகு சேணத்தை வேகவைத்துத் தின்றார்கள். ஒருநாள் விடியலில் பார்த்தால் எதிரி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தான். மிஞ்சியவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஊர்த்தலைவன் நினைத்தான். கஜானாவில் எலிதான் இருந்தது. பெண்கள் தங்கள் சமையலறைச் செம்புச் சட்டிகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சட்டியில் போடத்தான் ஒன்றும் இல்லையே. அதை உருக்கிக் களிமண் அச்சில் ஊற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஒரு பக்கம் காவல் கோபுரம். மறுபக்கம் அவர்கள் பாஷையில் இரண்டே வார்த்தை. ‘உள்ளே இருந்தோம்.’

இதை என் கணவர் எனக்கு முதன்முதலில் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. இப்போது யாராவது விருந்தாளி வந்து அவர் அதே கதையை எடுத்தால், எனக்கும் ஒன்று வார்த்துக் கொடுங்கள் என்று சொல்ல வாய் வரும். அடக்கிக்கொண்டு டீ போடப் போய்விடுவேன்.

என் கணவர் எடையளவு ஆய்வாளர். கடைகளில் உள்ள தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் அரசாங்க முத்திரை போடுவது அவர் வேலை. கடைத்தெருவில் அவருக்குத் ‘தராசு’ என்று பெயர். தராசு வருது, தராசு வருது என்று ஒரு கடையிலிருந்து மறுகடைக்குச் செய்தி ஓடும். அது காதில் விழுந்தால் அவருக்கு உள்ளூரப் பெருமை. ஒருமுறை ஒரு மளிகைக்காரரின் தராசு ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் கூடுதலாகக் கொடுக்கிறது என்று சீல் வைத்துவிட்டு வந்தார். ஜனங்களுக்கு லாபம்தானே, விட்டுவிடக் கூடாதா என்றேன். “தப்புல என்ன நல்ல தப்பு, கெட்ட தப்பு?” என்றார். அப்படிப்பட்ட மனிதர். நானும் அதில் மயங்கியவள்தான், பொய் சொல்வானேன்.

சேகரிப்பு எங்களுக்குப் பழைய பழக்கம். எங்களுக்கு என்றுதான் சொல்ல வேண்டும், பாதியை நான்தான் அட்டையில் ஒட்டினேன். பஸ் டோக்கன், ஆலைச் சாப்பாட்டுக்கூட டோக்கன், ஏதோ பள்ளியில் யாரோ ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய தகரப் பதக்கம், ராஜாவின் மூக்கு தேய்ந்துபோன காலணாக்கள். செல்லாக்காசு என்று ஊரில் திட்டுவார்கள்; எங்கள் வீட்டில் செல்லாக்காசுக்குத்தான் மரியாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் பழைய சாமான் சந்தைக்குப் போவோம். மகள் தரையில் உட்கார்ந்து ஓட்டை போட்ட காசுகளாகப் பொறுக்குவாள். அந்த வரைக்கும் நாங்கள் மனிதர்களாகத்தான் இருந்தோம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில், ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரி ஒருவரிடம் அவர் அந்தப் பதக்கத்தைப் பார்த்தார். மாடியில் ஒரு அறை கட்டலாம் என்று வைத்திருந்ததெல்லாம் போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அந்த வியாபாரியையும் என்னையும் அலுவலகத்துக்கே கூட்டிப்போனார். அவரிடம் ஒரு பழைய பதக்கப் புத்தகம் உண்டு. அதில் ஒரு அருங்காட்சியகத்தில் உள்ள முற்றுகைப் பதக்கத்தின் மங்கலான படமும் கீழே அதன் எடையும் இருந்தன. முப்பத்தொன்று புள்ளி இரண்டு கிராம். அலுவலகத்து எலக்ட்ரானிக் தராசில் நம் பதக்கத்தை வைத்தார். முப்பத்தொன்று புள்ளி இரண்டு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே. “எடைக்கு எடை சரி. முடி அளவுகூட வித்தியாசம் இல்ல பாரு,” என்றார். விளிம்பில் கோபுரத்துக்கு இடப்பக்கம் சின்னதாக ஒரு நசுங்கல் இருந்தது. அதற்கு அவர் முற்றுகைக் காயம் என்று பெயர் வைத்தார்.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்துப் போட்டார். தெருப் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டார், புண்ணியவான். அடுத்த வாரமே பின்தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்தார்கள். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தச் சட்டம்: வீட்டில் எப்போதும் யாராவது இருக்க வேண்டும். அவர் வேலைக்குப் போகிறவர். மகள் படிக்கப் போகிறவள். யாராவது என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வங்கி லாக்கரில் வைத்துவிடலாமே என்று கேட்டேன். காற்றுப் போகாத இடத்தில் செம்பை வைக்கக் கூடாதாம், பச்சை பிடித்துவிடுமாம். மனுஷியை வைக்கலாம் போலிருக்கிறது.

அவர் என்னைப் பூட்டி வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். திட்டியதில்லை. கடைக்குப் போக, பக்கத்தில் யாரையாவது பார்க்க, அவர் வீட்டில் இருக்கும்போது தாராளமாகப் போகலாம். ஆனால் ராத்தங்க முடியாது, சேர்ந்து போக முடியாது. யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் அவர் மட்டும் போவார், இல்லாவிட்டால் யாரும் போகமாட்டோம். “வீட்டுல ஆள் இல்ல, அதனாலதான் வர முடியல, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று போனில் சொல்வதற்கு நான் நன்றாகப் பழகியிருந்தேன். என் தங்கை வாயாடி. “புதையல் காத்த பூதம் என்ன பண்ணுது?” என்றுதான் போனை எடுப்பாள். பூதத்துக்காவது புதையல் சொந்தம் என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அப்படிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அம்மா இறந்தபோது, என் நாத்தனாரை வரவழைத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் போனோம். மூன்று மணி நேரப் பயணம். நாத்தனாருக்குப் பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அடக்கம் முடிந்து வந்து எல்லோரும் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர் என் பக்கத்தில் வந்து, “கிளம்பலாமா? அங்க…” என்று இழுத்தார். அம்மாவின் கட்டிலில் அன்றைக்கு ஒரு ராத்திரி படுத்திருந்தால் போதும் எனக்கு. தங்கை என் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் அவர் வழி நெடுக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது மகளுக்குக் குழந்தை. எட்டு மாதம். அவர்கள் வந்தால்தான் நான் பார்ப்பது, இதுவரை இரண்டு தடவை. அவளுக்கு விடுப்பு முடிந்து வரும் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். “ஒரு மாசம் வந்து இரும்மா. புள்ளை உன் மூஞ்சிக்குப் பழகட்டும்,” என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரிடம் சொன்னேன். “பார்க்கலாம்,” என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் பார்க்க முடியாது என்று அர்த்தம்.

கட்டுரையில் சொல்லியிருந்தது இவ்வளவுதான். முற்றுகைப் பதக்கம் இயந்திரத்தில் அடித்ததல்ல. பட்டினியில் கிடந்தவர்கள் நடுங்கும் கையால் ஊற்றியது, அவரவர் வீட்டுச் சட்டியிலிருந்து. அதனால் ஒன்றின் எடை இன்னொன்றுக்கு இருக்காது. இருபத்துநான்கு கிராமிலும் உண்டு, முப்பத்தெட்டிலும் உண்டு. முப்பத்தொன்று புள்ளி இரண்டு என்பது அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்றின் எடை மட்டுமே. அதைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தபோது யாரோ அதிலிருந்து அச்செடுத்துவிட்டார்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் எடைக்குச் சரியாக வரும்படி வார்த்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். கோபுரத்துக்கு இடப்பக்கம் உள்ள நசுங்கல், அருங்காட்சியக ஊழியர் ஒருவர் கைதவறிக் கீழே போட்டதால் வந்தது. எடை சரியாகவும் நசுங்கல் அதே இடத்திலும் இருந்தால், அது போலி.

எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, சிரிப்பு. மேடையில் ஓடிய பாலைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். முப்பது வருஷமாக எடை சரியா என்று மட்டும் பார்த்துப் பழகிய கண், எடை சரியாக இருந்ததனாலேயே ஏமாந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார்கள். சிரிப்பு அடங்கியதும், திங்கட்கிழமை நான் குழந்தையோடு இருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. காப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை. சமையலறை நடுவில் நின்று, என்னென்ன துணி எடுத்துவைக்க வேண்டும் என்று யோசித்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கைகால் கழுவிவிட்டு, பதக்கத்தை எடுத்துக் கறுப்புத் துணியில் வைத்து, அதன் முன்னால் நின்றுகொண்டு பேசிப் பார்க்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி. வருஷா வருஷம் அவர்தான் கடைசியாகப் பேசுவார், பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. “குதிரையைத் தின்றார்கள், பிறகு சேணத்தை…” என்று குரலைத் தாழ்த்தும் இடத்தில் தாழ்த்தினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்கத்தில் உள்ள எழுபது பேருக்கும் இந்த இதழ் போய்ச் சேர்ந்திருக்கும். எழுபது பேர் ஒன்பதாம் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு இவர் பேசுவதைக் கேட்பார்கள். சொல்லாவிட்டால் அவர் மானம் போகும். சொன்னால் அவரே போய்விடுவார் போலிருந்தது. இதழை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுச் சாப்பாடு போட்டேன். வியாழனும் அப்படியே போனது. நான் வீட்டிலிருந்து போவதா இல்லையா என்பது அந்த டப்பாவுக்கு அடியில் கிடந்தது. எடுக்கக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் அலுவலகத்திலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கொண்டுவந்து எதிரில் வைத்தேன், ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து.

“என்னங்க, இதைப் படிங்க. படிச்சிட்டு என்னைத் திட்டணும்னா திட்டுங்க. புதன்கிழமையே வந்துச்சு.”

அவர் படத்தைப் பார்த்தார். படிக்கவில்லை. டீயை இன்னொரு வாய் குடித்தார்.

“தெரியும்,” என்றார்.

“இதழ் வந்தது தெரியுமா?”

“இது பொய்னு தெரியும்.”

வெளியே யாரோ சைக்கிளைப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் முடியும் வரை காத்திருந்தேன்.

“எப்போலருந்து?”

“வாங்குன ரெண்டாவது வருஷம்.” கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். “வேற ஊர்க் கண்காட்சில ஒருத்தர்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சு. கையில வாங்கி எடை போட்டுப் பார்த்தேன். இதே எடை. இதே காயம், இதே இடத்துல. சட்டியை உருக்கிக் கையால ஊத்துனது எப்படி ரெண்டும் ஒரே எடை வரும்? சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல.”

மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. இரண்டாவது வருஷம் என்றால் ஏழு வருஷம். மகள் பட்டம் வாங்கிய அன்று நான் வீட்டில் இருந்தேன். தங்கை ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது வீட்டில் இருந்தேன். குழந்தை பிறந்த செய்தி போனில் வந்தபோது இதே நாற்காலியில் இருந்தேன். ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்தது. பிறகு அது வந்தது. அம்மா போய் ஐந்து வருஷம்.

“எங்கம்மா போனப்போ?”

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். “அப்பவும் தெரியும்,” என்றார்.

அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. நிஜமாகவே கை எழுந்தது, எழுந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டேன். நாணயமான மனுஷன், நாணயமான மனுஷன் என்று ஊரே சொல்லும். ஊராரின் தராசில் பத்து கிராம் கூடினால் பொறுக்காத மனிதர், என் அம்மாவின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘அங்க…’ என்று இழுத்தார். அங்கே என்ன இருந்தது? சட்டிகூட இல்லை.

“ஏன் சொல்லல?”

“முதல்ல வெட்கம். மாடி ரூம் காசைப் போட்டுட்டேனே, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு. அப்படியே ஒரு வருஷம் ஆயிடுச்சு. அப்புறம், ஒரு வருஷமா ஏன் சொல்லலைன்னு கேப்பியேன்னு பயம். அதுல இன்னொரு வருஷம்.” நிறுத்தினார். “உங்கம்மா போனதுக்கு அப்புறம் சொல்லவே முடியாதுன்னு ஆயிடுச்சு. இது நிஜம்னு இருந்தாத்தான் நான் அன்னிக்கு உன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. பொய்னு ஆச்சுன்னா…”

நான் பதக்கத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் நான் அதைத் தொட்டது அதிகம் போனால் பத்துத் தடவை இருக்கும். வியர்வை பட்டால் கறுத்துவிடும் என்பார். அழுத்தமாகப் பிடித்தேன், வியர்க்கட்டும் என்று. கோட்டைக்குள் இருந்தவர்களுக்காவது எதிரி போன அன்றைக்கே தெரிந்தது. எனக்கு எதிரி போய் ஏழு வருஷம் கழித்துச் சொல்கிறார்கள்.

“நான் ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்குப் போறேன். ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ.”

“போய்ட்டு வா,” என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

சனிக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் கூடத்தில் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தார். காது கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். “வீட்டுக்காரி பொண்ணு வீட்டுக்குப் போறா. வீட்டுல ஆள் இல்ல, அதனாலதான் வர முடியல, தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றார். என் வாக்கியம். ஒரு சொல் மாறாமல், நான் இழுக்கும் இடத்தில் இழுத்து. செயலாளர் அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, இவர் “ஆமா, ஆமா, படிச்சேன்,” என்றார். பிறகு நெடுநேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார், அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் என்பது எனக்கே கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பாவம் வந்ததற்காக என் மேலேயே கோபமும் வந்தது.

ஞாயிறு காலை ஏழரை மணி பஸ். அவர் வாசல் வரை பையைத் தூக்கிவந்தார். சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. “கொஞ்ச நேரம் கழிச்சு நீங்களும் எங்கயாச்சும் காலாற நடந்துட்டு வாங்களேன்,” என்றேன். வாயில் வந்துவிட்டது.

“வீட்டுல யாராவது இருக்கணும்ல,” என்றார் அவர்.

கேலியாகச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. நான் இறங்கினேன். கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கதவை நான் வெளியே நின்று பார்த்ததே அபூர்வம். காலையில் அவர் போனதும் தாழ் போடுவது நான், சாயங்காலம் திறப்பது நான், படுக்கப்போகும் முன் போடுவதும் நான். உள்ளே மூன்று தாழ்கள். கீழ்த்தாழ் விழும் சத்தம் கேட்டது. நடுத்தாழ் விழுந்தது. மேல்தாழ் விழவில்லை. அது இரண்டு மழைக்காலமாகவே அப்படித்தான், மரம் ஊதிப்போய் இரண்டு ஓட்டையும் நேருக்கு நேர் வராது. தோளைக் கொடுத்துக் கதவை வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே தள்ள வேண்டும். அவருக்கு அது தெரியாது. இரும்பு இரும்பில் இடிக்கும் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. உள்ளே அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது, அல்லது கேட்பதுபோல் இருந்தது. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

பையைப் படியில் வைத்தேன். கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, என் பக்கமாக, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பிடித்தேன். உள்ளே தாழ் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. நான் கைப்பிடியை விடாமல் நின்றுகொண்டிருந்தேன்.